ஆஞ்சியோவில் அடைப்பு இல்லை, ஆனாலும் பேஸ்மேக்கர் வைத்திருக்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

சமையற்கட்டு (கும்பகோணம்) எழுதியது

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 54 வயது. வீட்டிலேயே சாயந்திர டிபன் செய்து கொடுக்கிறேன். எங்கள் தெருவிலும் அடுத்த தெருவிலும் சேர்த்து இருபது வீடு வாடிக்கை. பேஸ்மேக்கர் வைத்து இன்றோடு பதினாறு நாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதமாகவே மாடிப்படி ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சர்க்கரை இறங்குகிறது என்று நானே முடிவு செய்து, ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒரு வெள்ளிக்கிழமை இடியாப்பம் பிழிந்துகொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது நாழி என் மடியில் கிடந்தது, புடவையெல்லாம் மாவு. பக்கத்து வீட்டுப் பெண் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். 108-இல் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாடி 34 என்றார்கள். அன்று ராத்திரியே கழுத்து வழியாகத் தற்காலிகமாக ஒரு வயரை விட்டார்கள். மறுநாள் ஆஞ்சியோ. "ரத்தக்குழாய் சுத்தமா இருக்கும்மா, அடைப்பே இல்லை" என்றார்கள். அதற்கு அடுத்த நாள் இடது தோளுக்குக் கீழே நிரந்தர பேஸ்மேக்கர், இரண்டு வயர். செலவு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் போய்விட்டது.

இப்போது என் குழப்பம். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த காகிதத்தில் "கம்ப்ளீட் ஹார்ட் ப்ளாக்" என்று போட்டிருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டு, "ஆஞ்சியோவில் ப்ளாக் இல்லைங்கறாங்க, காகிதத்துல முழு ப்ளாக்னு எழுதியிருக்காங்க. ப்ளாக் இருந்தா ஸ்டென்ட்தானே வைக்கணும்? கார்டு இருக்குன்னு எதையோ வச்சு அனுப்பிட்டாங்களோ?" என்று கேட்டுவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. வார்டில் டாக்டரைக் கேட்டபோது, "எல்லாம் சரியாயிடும்மா" என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

இன்னும் சில சந்தேகங்கள். உள்ளே எதுவும் அடிப்பதாகத் தெரியவில்லை, இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பேட்டரி ராத்திரியில் திடீரென்று தீர்ந்துபோனால் என்ன ஆகும்? இண்டக்‌ஷன் அடுப்பில்தான் பாதி வேலை செய்கிறேன், அதைத் தொடலாமா? கிரைண்டர்? பயத்தில் இடது கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருக்கிறேன். தலை பின்னிவிடுவதுகூட மகள்தான். எத்தனை நாள் இப்படி இருக்க வேண்டும்?

காயில்கட்டுபவர் (கோவை) எழுதியது

வணக்கம் சகோதரி. எனக்கு 63 வயது. மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், நாற்பது வருஷமாகக் காயில் கட்டுகிறேன். பேஸ்மேக்கர் வைத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. எனக்கும் உங்களுக்கு வந்த அதே கோளாறுதான். நான் மருத்துவன் இல்லை. ஆனால் இந்தப் பெட்டியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு செக்கப்பிலும் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில் உங்கள் அக்கா வீட்டுக்காரர் கேட்டது. கிணற்று மோட்டாரில் தண்ணீர் வரவில்லை என்று என்னைக் கூப்பிடுவார்கள். போய்ப் பார்த்தால், சில சமயம் ஃபுட் வால்வில் குப்பை அடைத்திருக்கும். சில சமயம் பைப்பெல்லாம் சுத்தமாக இருக்கும், பேனலிலிருந்து மோட்டாருக்குப் போகிற கேபிள் அறுந்திருக்கும். வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், தண்ணீர் வரவில்லை. ஆனால் கேபிள் அறுந்ததற்குப் பைப்பைக் கழற்றிச் சுத்தம் செய்து என்ன பயன்?

இதயத்திலும் பைப் லைன் வேறு, கரண்ட் லைன் வேறு. ஆஞ்சியோவில் பார்ப்பது பைப். அதில் அடைப்பு இருந்தால், அதைத் திறந்து வைக்கிற சின்னக் குழாய்தான் ஸ்டென்ட். உங்களுக்கு அது சுத்தம். கரண்ட் எப்படிப் போகிறது என்றால், வலது மேலறையில் எஸ்.ஏ. நோடு என்று ஓர் இடம் இருக்கிறது, அதுதான் ஸ்டார்ட்டர். அங்கே கிளம்புகிற சிக்னல் முதலில் மேலறைகளைச் சுருங்க வைக்கும். பிறகு ஏ.வி. நோடு என்ற ஒரே வாசல் வழியாகத்தான் கீழறைகளுக்கு இறங்க முடியும். உடம்புக்கு ரத்தத்தைத் தள்ளுவது கீழறை. அந்த வழி முழுதாக விட்டுப்போவதற்குத்தான் கம்ப்ளீட் ஹார்ட் ப்ளாக் என்று பெயர். மேலே ஸ்டார்ட்டர் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும், சிக்னல் கீழே வராது. ஆனாலும் கீழறை சும்மா நின்றுவிடுவதில்லை. தானாக முப்பது, நாற்பது என்று மெதுவாக அடித்துச் சமாளிக்கும். உங்களுக்குப் பார்த்த 34 அதுதான். அந்த வேகத்தில் தலைக்கு ரத்தம் போதாமல்தான் கண் இருட்டியது. ரத்தக்குழாய் அடைப்புக்கும் இதற்கும் இங்கிலீஷில் ஒரே சொல்லைப் போட்டுவிட்டார்கள், நாமும் இரண்டையும் அடைப்பு என்றே சொல்லிக் குழம்புகிறோம். உங்கள் காகிதத்தில் எழுதியது சரி, ஆஞ்சியோவில் சொன்னதும் சரி. உங்களுக்குத் தேவையானதைத்தான் வைத்திருக்கிறார்கள். அந்த 34 நாடி எடுத்த அன்றைய ஈசிஜி தாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த காகிதங்களோடு இருக்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். யார் சந்தேகப்பட்டாலும் அந்த ஒரு தாள் போதும்.

இதற்கு மறுபக்கமும் ஒன்று உண்டு. பேஸ்மேக்கர் இருக்கிறது, இனி ஹார்ட் அட்டாக் வராது என்று நினைத்துவிடக் கூடாது. பைப்பில் நாளைக்கு அடைப்பு வந்தால் இந்தப் பெட்டி அதைத் தடுக்காது. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மாத்திரை இருந்தால் அப்படியே தொடர வேண்டும்.

அடுத்தது, வேலை செய்கிறதா என்பது. இதை நான் புரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது. இந்தப் பெட்டி நாள் முழுக்கச் செய்கிற முக்கியமான வேலை, காது கொடுத்துக் கேட்பது. ஒரு வயர் மேலறையில், ஒரு வயர் கீழறையில். மேலறை தானாக அடித்ததா என்று கேட்கும். அடித்திருந்தால், ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு போலப் பொறுத்துப் பார்க்கும். அதற்குள் கீழறையும் அடித்துவிட்டால் சும்மா இருக்கும். அடிக்கவில்லை என்றால் மட்டும் ஒரு சின்னத் தட்டு. நான் 415 வோல்ட்டோடு புழங்குகிறவன். இது கொடுப்பது இரண்டோ மூன்றோ வோல்ட், அதுவும் ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவான நேரம். அதனால்தான் உங்களுக்கு எதுவும் தெரிவதில்லை.

அது வேலை செய்வதை நான் உணர்கிறது செக்கப்பில் மட்டும்தான். தோள்மேல் ஒரு வட்டமான கருவியை வைத்து, கம்ப்யூட்டர் போன்ற பெட்டியில் பார்ப்பார்கள். முதலில் துடிப்பைத் தொண்ணூறுக்கு ஏற்றுவார் அந்தப் பெட்டியை இயக்குகிற தம்பி. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே ஓடிவந்தது போலப் படபடக்கும். பிறகு வோல்ட்டைப் படிப்படியாக இறக்குவார். 2, 1.5, 1, 0.75. போன தடவை 0.75 வரைக்கும் பிடித்தது. 0.5 வைத்ததும் ஒரு துடிப்பு விட்டுவிட்டது. இருட்டில் படி இருக்கிறது என்று காலை வைத்து, அங்கே படி இல்லாமல் போனால் நெஞ்சு ஒரு கணம் இறங்குமே, அப்படி. அவர் உடனே மேலே ஏற்றிவிட்டார். எவ்வளவு வோல்ட்டில் பிடிக்கிறது என்று பார்த்து, அதைப் போல இரண்டு மடங்கு வைத்துவிட்டால் பயமில்லை என்றார். வயரின் ஓம்ஸும், அதாவது மின்தடையும் பார்ப்பார்கள். அது திடீரென்று எகிறினால் வயர் உள்ளே ஒடிந்திருக்கலாம், திடீரென்று விழுந்தால் இன்சுலேஷன் போயிருக்கலாம். நாங்கள் பட்டறையில் மெக்கர் என்ற இன்சுலேஷன் மீட்டரை வைத்துப் பார்ப்பதும் இதற்குத்தான். அவர் அந்த நம்பரைச் சொன்னதும் எனக்கு இந்தப் பெட்டிமேல் ஒரு நெருக்கமே வந்துவிட்டது.

அடுப்பு, கிரைண்டர் விஷயமும் இந்தக் கேட்கிற வேலையோடு சேர்ந்ததுதான். வெளியிலிருந்து வருகிற மின் இரைச்சலை இதயத் துடிப்பு என்று பெட்டி தவறாக எடுத்துக்கொண்டால், "சரி, துடிக்கிறது" என்று தட்டாமல் இருந்துவிடும். உங்களையும் என்னையும் போல அதை நம்பியே இருப்பவர்களுக்குத் தலை சுற்றும். தள்ளி வந்துவிட்டால் பெட்டி பழையபடி வேலை செய்யும். இண்டக்‌ஷன் அடுப்பு காந்தப் புலத்தில் ஓடுவது. அதற்கும் பெட்டிக்கும் அறுபது சென்டிமீட்டர், அதாவது இரண்டு அடி இடைவெளி சொல்கிறார்கள். இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டு தோசை திருப்ப முடியுமா? கேஸ் அடுப்புக்கே மாறிவிடுங்கள். மிக்ஸி, ஃப்ரிட்ஜ், டிவி, மைக்ரோவேவ் எதுவும் பிரச்சினை இல்லை. கிரைண்டரும் ஓட்டலாம், ஓடும்போது மோட்டார் பக்கம் நெஞ்சைச் சாய்த்துக்கொண்டு குனிய வேண்டாம்.

கிரைண்டரில் நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. நம் வீடுகளில் ஈரக் கையோடு தொட்டால் லேசாக "சுர்" என்று இருக்கிறது என்பார்கள், பழகிவிட்டது என்றும் சொல்வார்கள். அது லீக்கேஜ். அந்தச் சின்னக் கரண்ட் உடம்பு வழியாகப் போகும்போது பேஸ்மேக்கர் அதையும் துடிப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். உங்கள் கிரைண்டரில் அப்படி இருந்தால் இன்றைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் பார்க்கச் சொல்லுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

நான் விட்டது வெல்டிங். அதிக ஆம்பியரில் ஆர்க் வெல்டிங் கூடவே கூடாது என்றார்கள். இப்போது அதையெல்லாம் மகன் பார்த்துக்கொள்கிறான். காயில் கட்டுவதில் கரண்டே இல்லை, அதனால் அந்த வேலை கையை விட்டுப் போகவில்லை. கட்டிய மோட்டாரை ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் ஒரு கை தூரம் தள்ளி நிற்பேன்.

பேட்டரி ராத்திரியோடு ராத்திரியாகத் தீராது. லித்தியம் அயோடின் பேட்டரி, மெதுவாக இறங்குவது. பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு வருஷம். மாற்ற வேண்டிய நேரம் வந்தது என்று ஒரு குறி காட்டும், அதற்குப் பிறகும் மூன்று மாதம் போல ஓடும். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இரண்டு செக்கப்பை வேலை நெருக்கடியில் தவறவிட்டேன். பதினாலு மாதம் போகவில்லை. ஒரு நாள் பார்க்கிறேன், சும்மா இருந்தாலும் நாடி 65, மாடி ஏறினாலும் 65. மூச்சு வாங்கியது, கழுத்தில் ஏதோ துடிப்பது போல இருந்தது. போனதும் சொன்னார்கள், பேட்டரி குறியைத் தொட்டுவிட்டது, மிச்சம் பிடிக்க மேலறையை விட்டுவிட்டுக் கீழறைக்கு மட்டும் 65 கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று. அடுத்த வாரமே மாற்றினார்கள். மரத்துப்போகிற ஊசி போட்டு, பழைய தழும்பிலேயே திறந்து, வயர்களைச் சோதித்து, அதே வயரில் புதுப் பெட்டி. பேட்டரியை மட்டும் கழற்றி மாட்ட முடியாது, முழுப் பெட்டியும் மாறும். ஆகவே செக்கப் தேதியைத் தவற விடாதீர்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்ய வேண்டாம்.

தூக்கம் வராத ராத்திரிகளில் நான் நினைத்துக்கொள்கிற ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்வீடனில் ஆர்னே லார்சன். 1958 அக்டோபர் 8 அன்று உலகத்திலேயே முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தது அவருக்குத்தான், அப்போது 43 வயது. ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற பொறியாளர் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்து எபாக்ஸி பிசின் ஊற்றிச் செய்த பெட்டி அது. அதன் பேட்டரியை வெளியிலிருந்து ஒரு காயில் மூலம்தான் சார்ஜ் செய்தார்கள்! அந்தப் பெட்டி சில மணி நேரத்தில் நின்றுபோனது, கையிருப்பில் இருந்த இன்னொன்றை வைத்தார்கள். அப்படி ஆரம்பித்தவர் வாழ்நாளில் மொத்தம் 26 பெட்டி மாற்றினார். 2001-இல், 86 வயதில், புற்றுநோயால்தான் போனார். பெட்டியைச் செய்த எல்ம்க்விஸ்டும், அதைப் பொருத்திய டாக்டர் சென்னிங்கும் அவருக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நமக்குக் கிடைத்திருப்பது அதைவிட எவ்வளவோ தேறிய பெட்டி சகோதரி. தைரியமாகத் தூங்குங்கள்.

கேத்லேப்_செவிலி எழுதியது

அம்மா, நான் ஆஞ்சியோ, பேஸ்மேக்கர் எல்லாம் செய்கிற கேத் லேபில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கோவை அண்ணா சொன்னது நன்றாக இருக்கிறது. ஒரு திருத்தம் மட்டும். பேட்டரி குறி வந்ததும் 65-க்கு மாறுவது எல்லாக் கருவியிலும் இல்லை, கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். அதனால் 65 காட்டவில்லை, எனவே பேட்டரி நன்றாக இருக்கிறது என்று யாரும் வீட்டிலேயே கணக்குப் போட வேண்டாம். செக்கப்தான் வழி.

உங்கள் கைக்கு வருகிறேன். முதல் நான்கிலிருந்து ஆறு வாரம் இடது முழங்கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது, கனமான எதையும் தூக்கக் கூடாது. வயரின் நுனி இதயச் சதையில் பிடித்துக்கொள்ள அந்த நேரம் வேண்டும். கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, இட்லிக் குண்டானை இறக்குவது, கிணற்றில் நீர் இறைப்பது, துணியைக் கல்லில் அடிப்பது, பரணில் இருந்து பாத்திரம் எடுப்பது, தலை பின்னுவது எல்லாம் இதில் அடங்கும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பதறியது, கையை அசைக்காமல் மடியிலேயே வைத்திருக்கிறேன் என்று. அது வேண்டாம் அம்மா. அப்படி வைத்திருந்து தோள் இறுகிப்போய் வருகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அந்த வலி பேஸ்மேக்கர் வலியைவிடப் பெரிது. சாப்பிடுங்கள், காய் நறுக்குங்கள், கையைத் தொங்கவிட்டு நடங்கள், தோளுக்குக் கீழே எல்லா அசைவும் செய்யுங்கள்.

தினமும் தையல் போட்ட இடத்தைக் கண்ணாடியில் பாருங்கள். சிவப்பு, வீக்கம், கசிவு, காய்ச்சல் எது வந்தாலும் பக்கத்தில் மருந்துக் கடையில் களிம்பு வாங்கிப் பூசிக்கொண்டு இருக்காதீர்கள், பேஸ்மேக்கர் வைத்த இடத்துக்கே போங்கள். பிராவின் பட்டை உரசினால் உள்ளே மெத்தென்ற துணி வையுங்கள். விக்கல் நிற்காமல் வந்தாலோ, வயிற்றுப் பக்கம் தானாகத் துடித்தாலோ உடனே சொல்லுங்கள். வயர் இடம் மாறி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கிற உதரவிதானத் தசையைத் தட்டிக்கொண்டிருக்கலாம். மறுபடி கண் இருட்டினால் வெல்லம் சாப்பிட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், நேரே 108.

பெண்களிடம் நான் தவறாமல் சொல்கிற ஒன்று, போனை ஜாக்கெட்டுக்குள் செருகாதீர்கள். போனுக்கும் கருவிக்கும் 15 சென்டிமீட்டர், அதாவது அரை அடி இடைவெளி வேண்டும். இப்போது வருகிற சில போன்களின் முதுகில் காந்தம் இருக்கிறது, ஹெட்ஃபோன் டப்பாவில் இருக்கிறது, சில பர்ஸ்களின் வாயிலும் இருக்கிறது. காந்தம் பக்கத்தில் வந்தால் கருவி கேட்பதை நிறுத்திவிட்டு ஒரே வேகத்தில் தட்ட ஆரம்பிக்கும். எடுத்ததும் சரியாகிவிடும், ஆனாலும் பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். போனை வலது காதில் வைத்துப் பேசுங்கள். மெட்டல் டிடெக்டர் வாசலில் நிற்காமல் நடந்து போய்விடலாம். கையில் வைத்துத் தடவுகிற கருவியை மட்டும் நெஞ்சருகே பிடிக்க வேண்டாம் என்று சொல்லி, பேஸ்மேக்கர் வைத்ததும் கொடுக்கிற அடையாள அட்டையைக் காட்டுங்கள்.

அந்த அடையாள அட்டை கையில் இருக்கிறதா? கம்பெனி, மாடல், சீரியல் நம்பர், வயர்களின் மாடல், வைத்த தேதி எல்லாம் அதில் இருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். நாளைக்கே முழங்காலுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும் என்று யாராவது சொன்னால், பெட்டியும் வயரும் இரண்டுமே எம்.ஆர்.ஐ.க்கு ஏற்றவையா என்று அந்த அட்டையை வைத்துத்தான் பார்ப்போம். ஏற்றவையாக இருந்தாலும் ஸ்கேனுக்கு முன்னால் கருவியில் செட்டிங் மாற்ற வேண்டும். பிசியோதெரபிக்குப் போனால் டயதெர்மி என்ற, மின் அலையால் சூடு கொடுக்கிற கருவியை வைக்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.

மலைக்கோட்டை_மகள் எழுதியது

புதிதாக வைத்தவரிடம் இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் எங்களுக்கு யாரும் சொல்லாததால் பட்ட கஷ்டம் இன்னொரு குடும்பத்துக்கு வேண்டாம். அப்பாவுக்குப் பதினாலு வருஷம் பேஸ்மேக்கர் இருந்தது. 78 வயது வரைக்கும் விநாயக சதுர்த்திக்கு உச்சிப் பிள்ளையாரிடம் படியேறிப் போய்வந்தார். கடைசியில் சிறுநீரகக் கோளாறில் போனார். மூச்சு நின்ற பிறகும் மானிட்டரில் கோடு கோடாக வந்துகொண்டிருந்தது. நாங்கள் உயிர் இருக்கிறது என்று கத்தினோம். கருவி தட்டுவதுதான் தெரிகிறது, இதயச் சதை அதற்குப் பதில் சொல்லவில்லை என்று ஒரு நர்ஸ் அம்மா பொறுமையாகச் சொன்னார்கள். கருவி உயிரைப் பிடித்து இழுத்து வைக்காது, நிம்மதியாகத்தான் போனார் என்று அப்போது புரிந்தது.

எரியூட்டுவதாக இருந்தால் கருவியை முன்பே எடுத்துவிட வேண்டும், சூட்டில் பேட்டரி வெடிக்கும். மின்மயானத்தில் கேட்டபோதுதான் எங்களுக்கே தெரியும். திரும்ப ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கொண்டு போய், அம்மாவை அந்த வெயிலில் காக்க வைத்து… வேண்டாம். வீட்டில் ஒரே ஒருவருக்குத் தெரிந்திருந்தால் போதும். உங்கள் மகளிடம் இன்றைக்குச் சொல்ல வேண்டும் என்று இல்லை அம்மா, என்றைக்காவது சொல்லி வையுங்கள்.

சமையற்கட்டு எழுதியது

எல்லோரும் என்னை மன்னிக்க வேண்டும், ஒரு மாதம் கழித்து வருகிறேன். கோவை அண்ணா எழுதியதை மகள் உரக்கப் படித்தாள், அக்கா வீட்டுக்காரர் உட்கார்ந்து கேட்டார். பைப், கேபிள் என்றதும் அவருக்குப் புரிந்துவிட்டது. அவரே ஈசிஜி தாளைத் தேடி எடுத்துப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்.

கிரைண்டரில் நீங்கள் சொன்ன அந்த "சுர்" இருந்தது அண்ணா. எத்தனையோ வருஷமாக இருக்கிறது, செருப்பு போட்டுக்கொண்டு அரைப்பேன். எலக்ட்ரீஷியன் ப்ளக்கைத் திறந்து பார்த்தால் பச்சை வயரை மாட்டவே இல்லை, மடித்து உள்ளே விட்டிருக்கிறார்கள். இப்போது சரி செய்தாகிவிட்டது. இண்டக்‌ஷன் அடுப்பிலிருந்து இரண்டு அடியை இன்ச் டேப் வைத்து அளந்து பார்த்தேன், சமையல் மேடையை விட்டே வெளியே வந்துவிட்டேன். நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன். கேஸில்தான் இப்போது எல்லாம்.

ஆறாவது வாரச் செக்கப் முடிந்தது. துடிப்பை ஏற்றி இறக்கினார்கள், அந்த இல்லாத படி எனக்கும் தெரிந்தது. முன்னாலேயே படித்திருந்ததால் பயப்படவில்லை. பேட்டரி பதினோரு வருஷம் என்று காட்டியது. தாளில், கருவி தட்டியது மேலறை 8 சதவீதம், கீழறை 99 சதவீதம் என்று இருக்கிறது. 99 என்றால் என் இதயம் சொந்தமாக எதுவும் செய்யவில்லை என்று அர்த்தமா? அது மட்டும் மனசில் நிற்கிறது. கையை இப்போது தூக்கலாம் என்றார்கள். மெதுவாகத்தான் வருகிறது, நேற்று முதல்முறையாகப் பின்னலை நானே போட்டுக்கொண்டேன்.

கேத்லேப்_செவிலி எழுதியது

பின்னல் போட்டதைப் படித்து எனக்கு அவ்வளவு சந்தோஷம் அம்மா.

99 என்பது உங்களுக்கு எதிர்பார்த்ததுதான். மேலறை 8 என்றால் என்ன அர்த்தம் என்று பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு தடவை உங்கள் ஸ்டார்ட்டர் தானே வேலை செய்கிறது, எவ்வளவு வேகம் வேண்டும் என்று அதுதான் முடிவு செய்கிறது. நீங்கள் படியேறினால் அது வேகம் கூட்டும், கருவி அந்தச் செய்தியைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்கிறது. விட்டுப்போன வழிக்குப் பதிலாக ஒரு வழி, அவ்வளவுதான். சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது உங்கள் சதைதான், அதைக் கருவி செய்ய முடியாது.

ஒன்றைக் கேட்டு வையுங்கள். வலது கீழறையை மட்டும் வருஷக்கணக்காகத் தட்டிக்கொண்டே இருந்தால், சிலருக்கு இதயம் அடிக்கும் பலம் குறையலாம். எல்லோருக்கும் இல்லை. அதனால் அவ்வப்போது எக்கோ, அதாவது இதயத்தின் ஸ்கேன் எடுத்து முந்தைய எக்கோவோடு ஒப்பிட வேண்டும். அடுத்த செக்கப்பில் "எனக்கு எக்கோ எப்போது?" என்று நீங்களே கேளுங்கள். மூச்சு வாங்கினாலோ, கால் வீங்கினாலோ அதுவரை காத்திருக்க வேண்டாம். பழைய ரிப்போர்ட்டுகளையும் ஒவ்வொரு தடவையும் கையோடு கொண்டுபோங்கள்.

சமையற்கட்டு எழுதியது

எக்கோ பற்றி காலண்டரில் எழுதிவிட்டேன் தங்கச்சி. திருச்சியிலிருந்து எழுதிய பெண்ணுக்கும் நன்றி. மகளிடம் சொல்லவில்லை, அட்டையின் பின்னால் எழுதி வைத்திருக்கிறேன், பார்ப்பாள்.

கோவை அண்ணா, எலக்ட்ரீஷியன், லீக்கேஜ் வந்தால் கரண்டைத் துண்டித்துவிடுகிற ஆர்சிசிபி ஒன்று போடச் சொல்கிறார். எது வாங்குவது?

காயில்கட்டுபவர் (கோவை) எழுதியது

30 மில்லி ஆம்பியர் என்று போட்டிருப்பதை வாங்குங்கள் சகோதரி. 100 என்று ஒன்று கொடுப்பார்கள், அது வேண்டாம். மாட்டியதும் அதில் இருக்கிற டெஸ்ட் பட்டனை எலக்ட்ரீஷியன் முன்னாலேயே அழுத்திப் பாருங்கள், டக்கென்று விழ வேண்டும். பிறகு மாதம் ஒரு தடவை நீங்களே அழுத்திப் பாருங்கள். கிரைண்டரில் மறுபடி "சுர்" என்றால் அது ஆர்சிசிபி பார்த்துக்கொள்ளும் என்று விடாதீர்கள், மோட்டாரைக் கழற்றி யாரிடமாவது காயில் பார்க்கக் கொடுங்கள்.